தகாத சொல் எண் நாற்பத்தொன்று

என் மனைவி இறந்து இரண்டு மாதம் கழித்து, அவள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று கேட்டுத் தொழிலாளர் துறையிலிருந்து கடிதம் வந்தது.

கேள்வி நியாயமானது. அவள் எனக்கு மனைவி மட்டுமல்ல, பணியாளரும்கூட. எங்களுடையது ஜன்னல் திரைச்சீலை தைக்கும் கடை. முன்னால் துணி அடுக்கு, பின்னால் இரண்டு தையல் மிஷின், நடுவில் வெட்டும் மேசை. குடும்பத்தார் கடையில் வேலை செய்தால் அவர்களுக்கும் நியமன ஆணை தர வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்தது. தந்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் லீவுன்னு போட்டிருக்கே. யார்கிட்ட கேக்கணும்?"

"என்கிட்ட."

"அப்ப கிடைக்காது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளப்பது அவள் வேலை. அரை அங்குலம் தப்பியதில்லை. பதினொரு நாள் காய்ச்சலில் இறந்துபோனாள்.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. புதிதாக வந்த பணியாளர் கண்ணியச் சட்டத்தின்படி, வேலையை விட்டுப் போன ஒவ்வொருவரின் பதிவையும் முதலாளி ஆறு மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும். தராவிட்டால் கடைக்கு சீல். பெயர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள் எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் வெளியேறிய காரணம் என்று ஒரு சின்னக் கட்டம். ஒரு சொல்தான் கொள்ளும். இறந்தார் என்று எழுதினேன்.

துறை அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் போட்டிருந்தார். படிவத்தைப் படிக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தச் சொல் வராது சார்."

"எங்க வராது?"

"காரணக் கட்டத்துல. தகாத சொற்கள் பட்டியல்ல நாப்பத்தொண்ணு."

பட்டியலைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தொன்பது, திருடன். நாற்பது, வாயாடி. நாற்பத்தொன்று, இறந்தார். நாற்பத்திரண்டு, குடிகாரன்.

சட்டத்தின் நோக்கம் நல்லது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் முதலாளிகள் வேலையை விட்டுப் போகிறவரின் தாளில் மனதில் பட்டதை எழுதிவிடுவார்கள். சோம்பேறி என்று எழுதப்பட்ட ஒருவருக்கு அடுத்த இடத்தில் யார் வேலை தருவார்கள்? ஆகவே இழிவான சொற்களைத் தடை செய்தார்கள். பட்டியல் முப்பதில் தொடங்கி அறுபதுக்கு வளர்ந்தது. வழியில் இந்தச் சொல்லும் ஏறிக்கொண்டது.

"செத்தார்னு எழுதலாமா?" என்று கேட்டேன்.

"அது இருபத்தேழு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டம்மா இல்லைன்னு எனக்கும் தெரியுது சார். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அதை இப்படிப் பச்சையா எழுதக் கூடாது. கண்ணியமா எழுதுங்க. நம்ம மொழியில சொல்லுக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். அங்கேயே நின்று காலமானார் என்று எழுதினேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் ஒப்பந்தக் காலப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் பணியாளரின் காலம் ஆனதாகத் தெரிவித்துள்ளீர்கள். காலம் முடிவதற்கு முன், நீட்டிப்பு வேண்டுமா என்று அவரிடம் எழுத்து மூலம் கேட்டீர்களா? கேட்கவில்லை எனில் காரணம் கூறவும்."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

கடையில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என்னிடம் வேலை செய்பவர்கள் இரண்டு பேர். துணி வெட்டுகிறவனைக் கத்தரி என்று கூப்பிடுவோம். தைக்கிறவர் மிஷின் அக்கா. கத்தரிக்கு எல்லாவற்றுக்கும் யோசனை உண்டு.

"மறைந்தார்னு போடுங்கண்ணே. பேப்பர்ல பெரிய ஆளுங்களுக்கெல்லாம் அப்படித்தான் போடுவாங்க."

"உன்னை யாருடா கேட்டா" என்றார் மிஷின் அக்கா, மிஷினை நிறுத்தாமல்.

போட்டேன். அது தலைமறைவுப் பிரிவுக்குப் போனது.

சொல்லாமல் கொள்ளாமல் மறைந்த பணியாளருக்கு முதலாளி மூன்று முறை பதிவுத் தபாலில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு. அது என் வீடு. காலையில் கடைக்குப் போகும் வழியில் தபாலைச் சேர்ப்பேன். மறுநாள் மதியம் வீட்டில் இருந்து வாங்க வேண்டும். தபால்காரர் புதியவர்.

"அம்மாவுக்கு வந்திருக்கு. கூப்பிடறீங்களா?"

"வர முடியாது."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."

"யார் அனுப்பியிருக்காங்கன்னு பாருங்க."

"நான்தான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கணவன் மனைவிக்குள் ஆயிரம் இருக்கும் என்று நினைத்திருப்பார். அடுத்த இரண்டு முறையும் வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போய்விட்டார்.

மூன்று எச்சரிக்கைக்கும் அவள் பதில் சொல்லாததால் விசாரணைக்கு ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். காலணியைக் கழற்றாமல் அறை அறையாகப் போனார். அலமாரியைத் திறந்தார்.

"இது அவங்க துணியா?"

"ஆமா."

"செருப்பு?"

"கட்டிலுக்குக் கீழ."

"கண்ணாடி, சீப்பு, மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கே. அப்ப ஆளு எங்க?"

"இறந்துட்டாங்க."

"அதை நான் எழுத முடியாது. தெரியும்ல?" அவர் சமையலறை மேடையில் தாளை வைத்து எழுதினார். பிறகு அதன் நகலை என்னிடம் தந்தார். பணியாளரின் உடைமைகள் யாவும் வீட்டில் உள்ளன. ஆகவே அவர் திரும்பி வரும் எண்ணம் உடையவர் என்று தெரிகிறது. அவரை முதலாளியே மறைத்து வைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுகிறது.

அந்தத் தாளை நான்காக மடித்து அவள் அலமாரியில் வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அவள் திரும்பி வருவாள் என அரசாங்கத்தில் ஒருவராவது நினைக்கிறாரே என்று இருக்கலாம்.

மூன்றாம் ஜன்னல் இப்போது என்னைப் பார்த்ததும் நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். உதவ வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை.

"இயற்கை எய்தினார்னு எழுதுங்க சார். தூய தமிழ். யாரும் குறை சொல்ல முடியாது."

குறை சொல்லவில்லை. பணி மாற்றப் பிரிவுக்கு அனுப்பினார்கள். என் பணியாளர் இயற்கை என்னும் நிறுவனத்தைச் சென்றடைந்திருப்பதாக அவர்கள் புரிந்துகொண்டார்கள். தேடிப் பார்த்ததில் அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது. மூலிகைச் சோப்பு செய்யும் இடம். அதன் உரிமையாளருக்கும் எனக்கும் ஒரே நாளில் அழைப்பாணை வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. இந்தப் பக்கம் நான், சோப்புக்காரர். சோப்புக்காரருக்கு வியர்த்து ஊற்றியது.

"என் பணியாளரை ஏன் இழுத்தீங்கன்னு அவர் கேக்கல. துறைதான் கேக்குது" என்றார் அதிகாரி. "முந்தின முதலாளிகிட்ட விடுவிப்புச் சான்று வாங்காம எப்படிச் சேர்த்தீங்க?"

"சார், என் இடத்துல நானும் என் மச்சானும்தான். அந்த மச்சானே வாரத்துல மூணு நாள்தான் வர்றான்."

"அவங்க உங்களை எய்தியிருக்காங்க. இவரே எழுதிக் கொடுத்திருக்கார்."

"யாரும் என்னை எய்தல சார். சத்தியமா."

வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி அவரைப் பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிட்டாங்களா?"

"இறந்துட்டாங்க."

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "அதை நேரா எழுதித் தொலைச்சிருக்கலாமேங்க."

"எழுதினேன்."

பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நடைபாதையில் ஒரு நீண்ட பெஞ்சு. அதில் எப்போதும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை நாள் யாரையும் நான் முகம் பார்த்ததில்லை. அன்று சோப்போடு உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. பணியிடத் துயர நிகழ்வுகள், நடப்பு ஆண்டு: பூஜ்ஜியம். சென்ற ஆண்டு: பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்குத் தங்க வர்ணம் அடித்திருந்தார்கள்.

"என் பொண்ணு அதுக்குள்ளதான் இருக்கா" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. மடியில் ஒரு பச்சைப் பை வைத்திருந்தார்.

"எதுக்குள்ள?"

"அந்த சைபருக்குள்ள. சாயப் பட்டறையில பாய்லர் வெடிச்சுதே, ஆறு பேர். பட்டறைக்காரங்க ஆறு பேருக்கும் ஒரே மாதிரி காலமானார்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இவங்க காலம் முடிஞ்சு போச்சுன்னு ஃபைலை மூடிட்டாங்க. இறந்தார்னு ஒரு வார்த்தை இருந்தாத்தான் பாய்லரை விசாரிக்க முடியுமாம். அந்த வார்த்தையை எழுதக் கூடாதாம்."

"எத்தனை நாளா வர்றீங்க?"

"பதினாலு மாசம். அந்தப் பாய்லரை ஒட்டுப் போட்டுத் திரும்ப ஓட்டறாங்க தம்பி. தினமும் அந்தப் பக்கமாத்தான் பஸ்ல வர்றேன். புகை தெரியும்."

இரண்டு மாதமாக, பிறகு நான்கு மாதமாக, எனக்கு எதுவும் உறைத்ததில்லை. சாப்பாடு காகிதம் மாதிரி இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அந்த பெஞ்சில் திடீரென்று காது சூடானது. கோபம் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

வாசல் கடையில் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அறுபத்துநான்கு பக்கம். கல்லூரியில் படித்தது எதற்கும் உதவவில்லை என்று என் அப்பா சொல்வார். சலிக்காமல் படிக்கும் பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு முறை படித்தேன். பதினான்காம் பிரிவை ஐந்து முறை.

மறுநாள் கடையில் சொன்னேன். "திரும்பவும் பழைய சொல்லையே எழுதப் போறேன். கடைக்கு சீல் வெச்சிடுவாங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுச் செய்யணும்."

கத்தரி முதன்முறையாக யோசனை எதுவும் சொல்லவில்லை. மிஷின் அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"தைக்கிறது மிஷின். கதவா தைக்குது? என் வீட்டு முன் ரூம் சும்மாதான் கிடக்கு, தூக்கிட்டுப் போயிடலாம். நீ அவ பேருக்கு நேரா உள்ளதை எழுது. ஓடிப்போனா, மாறிப்போனான்னு எழுதறதுக்கு அவ என்ன பண்ணினா?"

அன்று மாலையே மிஷின்கள் கிளம்பின. நான் நான்காவது படிவத்தில் இறந்தார் என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்த முறை எந்தப் பிரிவுக்கும் போகவில்லை. நேராக ஆணையரிடம் போனது.

ஆணையரின் அறை குளிர்ச்சியாக இருந்தது. சுவர் முழுக்க அவர் விருது வாங்கும் படங்கள். மூன்றாம் ஜன்னல் ஒரு கோப்போடு ஓரமாக நின்றிருந்தார். ஆணையர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க படிச்சவர். சின்ன வயசு. உங்க துக்கம் எனக்குப் புரியுது. அதனாலதான் சொல்றேன், அந்தச் சொல்லை விட்டுடுங்க. நான் இங்க வந்தப்ப வருஷத்துக்கு நாப்பது பேர். கட்டடத்துலருந்து விழுந்தவன், கரண்ட்ல போனவன், மெஷின்ல சிக்கினவன். தினமும் காலையில அந்தக் கணக்கைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்ப எத்தனை தெரியுமா?"

"பூஜ்ஜியம்."

"பூஜ்ஜியம். ஒரு பாய்லரை மாத்தச் சொல்லல. ஒரு முதலாளியைக் கஷ்டப்படுத்தல. ஒரு ஆய்வாளரைக் கூடுதலாக் கேக்கல. ஒரே ஒரு சொல்லை எடுத்தோம். முதலாளிகள் சங்கம்தான் யோசனை கொடுத்துச்சு, மறுக்கல, ஆனா செஞ்சு காட்டினது நாங்க. வெளிநாட்டுலருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. அடுத்ததா காயம்கிற சொல்லை எடுக்கலாம்னு இருக்கோம்."

"நல்லது" என்றேன்.

"உங்க வீட்டம்மா வேலையிடத்துல போகல. எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தருக்கு எழுத விட்டா எல்லாரும் எழுதுவாங்க. சாதாரண மனுஷன் கையில அந்தச் சொல் கிடைக்கக் கூடாது. பிரிந்தார்னு போடுங்களேன். எவ்வளவு அழகா இருக்கு."

"அது எந்தப் பிரிவுக்குப் போகும்?"

ஆணையர் மூன்றாம் ஜன்னலைப் பார்த்தார்.

"கணவன் மனைவி ஒரே நிறுவனத்துல இருக்கிறதால, குடும்பத் தகராறுப் பிரிவுக்கு சார்" என்றார் அவர்.

"எங்களுக்குள்ள தகராறு இல்ல. லீவு விஷயம் மட்டும்தான்."

ஆணையர் என் கையை விட்டார். இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"அப்ப சட்டம் தன் கடமையைச் செய்யும். கடைக்கு சீல் வைப்போம்."

"வைங்க. என் குற்றம் என்னன்னு ஆணையில எழுதுவீங்களா?"

"என்ன கேள்வி இது? எங்க துறை வெளிப்படையான துறை. ஒரு எழுத்து விடாம எழுதுவோம். நீங்க என்ன சொல் பயன்படுத்தினீங்க, யாரைப் பத்தி, என்ன தேதி, எல்லாம் வரும். கடை வாசல்ல நாலு பேர் முன்னால உரக்கப் படிச்சுத்தான் சீல் வைப்போம். அவமானமா இருக்கும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

மூன்றாம் ஜன்னல் ஏதோ சொல்ல வாய் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சீல் வைக்க வந்தது என் வீட்டு அலமாரியைத் திறந்த அதே ஆய்வாளர். அரக்கு, மெழுகுவத்தி, கயிறு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். கூடவே மூன்றாம் ஜன்னல், ஆணையோடு. எதிர்க்கடை, பக்கத்துக்கடை எல்லாம் வெளியே வந்து நின்றன. சோப்புக்காரர் எப்படியோ கேள்விப்பட்டு மச்சானோடு வந்திருந்தார். பச்சைப் பை அம்மாவை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ஆய்வாளர் ஆணையை வாங்கிப் படித்தார்.

"இக்கடையின் உரிமையாளர், தம் மனைவியும் பணியாளருமானவர் குறித்து, சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஒரு சொல்லை..."

"எந்தச் சொல்?" என்றேன்.

"அதான், ஒரு சொல்."

"பதினாலாவது பிரிவு. சொன்ன சொல்லை அப்படியே படிக்கணும். இல்லைன்னா சீல் செல்லாது."

அவர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"உரக்கன்னு போட்டிருக்கு சார்" என்றான் கத்தரி, கூட்டத்திலிருந்து. அவனும் படித்திருக்கிறான் போல.

ஆய்வாளர் தாளை மூன்றாம் ஜன்னலிடம் நீட்டினார். தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னார். மூன்றாம் ஜன்னல் இரண்டு கண்ணாடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அவருக்கு அந்த வாக்கியத்தைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"தம் மனைவியும் பணியாளருமானவர் இறந்தார் என்று காரணக் கட்டத்தில் எழுதியதும், அவர் உண்மையில் இறந்தார் என்று விசாரணையில் தெரியவந்த பின்னும், இறந்தார் என்ற சொல்லை மாற்ற மறுத்ததும் குற்றம் என்று இத்துறை முடிவு செய்து ஆணையிடுகிறது."

இத்தனை மாதத்தில் என்னிடம் எல்லாரும் போயிட்டாங்க என்றார்கள், அந்த விஷயம் என்றார்கள், நடந்தது நடந்துபோச்சு என்றார்கள். ஒருவரும் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அரசாங்கம் முத்திரையோடு மூன்று முறை சொல்லிவிட்டது.

"நன்றி" என்றேன்.

"எதுக்கு சார், கடையை மூடறதுக்கா?"

"சொன்னதுக்கு."

அரக்கு சொட்டியது. ஆய்வாளர் விரலைச் சுட்டுக்கொண்டார். ஆணையின் ஒரு பிரதியைக் கதவில் ஒட்டி, ஒரு பிரதியை என்னிடம் தந்தார்கள். மூன்றாம் ஜன்னல் அதைத் தரும்போது, யாருக்கும் கேட்காத குரலில், "பதினாலாவது பிரிவுல ரெண்டாவது பத்தியும் படிச்சிருக்கீங்களா?" என்றார்.

"படிச்சிருக்கேன்."

துறை பிறப்பிக்கும் ஆணை பொது ஆவணம். அதில் உள்ள எந்தச் சொல்லையும் எந்த மனுவிலும் எவரும் மேற்கோள் காட்டலாம். மறுக்கத் துறைக்கு அதிகாரம் இல்லை.

மறுநாள் மிஷின் அக்கா வீட்டு முன் அறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கான திரைச்சீலை வெட்டிக்கொண்டிருந்தோம். பாதியில் கத்தரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பிரதி எடுக்கும் கடையில் எத்தனை வேண்டும் என்று கேட்டான். ஐம்பது எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆளுக்கொன்று கொடுத்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. எல்லாரும் படித்தார்கள். படிக்கத் தெரியாத ஒரு கிழவருக்குப் பக்கத்தில் இருந்தவர் படித்துக் காட்டினார், உரக்க.

பச்சைப் பை அம்மா முதலில் எழுந்தார். திருத்த மனுவில் காலமானார் என்பதை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதி ஜன்னலுக்குள் நீட்டினார்.

"இந்தச் சொல் வராதும்மா" என்றார் மூன்றாம் ஜன்னல். பழக்கம்.

அம்மா பிரதியை அதன் மேல் வைத்தார். "உங்க சீல்தான். உங்க கையெழுத்துதான். நேத்து நீங்க படிச்சப்ப நானும் இருந்தேன்."

அவர் அதை முழுவதும் படித்தார். தான் நேற்று மனப்பாடமாகச் சொன்னதை இன்று வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். உள்ளே ஆணையர் அறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மூன்றாம் ஜன்னல் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு புதிய பதிவேட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவை உதறினார்.

"பொண்ணு என்னைக்கும்மா இறந்தாங்க?"

அம்மா தேதியைச் சொன்னார். நேரத்தைச் சொன்னார். பிறகு, அவர் கேட்காமலே, பாய்லரின் எண்ணைச் சொன்னார்.